பெரியவனுக்கும் நாலு வயசுதான்!

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வகை. நடை பழகி இப்போது ஓட ஆரம்பித்திருக்கும் ஒரு வாண்டு, மழலையர் பள்ளிக்குப் போகிற இன்னொரு வாண்டு, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெற்றோர். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இன்று இவர்கள் மட்டும்.

என் மகனுக்கு 4 வயது, மகளுக்கு ஒன்றரை. அவன் எதைக் கையில் எடுத்தாலும் அவளுக்கு மூக்கு வியர்த்துவிடும், ஓடிவந்து பிடுங்குவாள். அவன் கத்த, அவள் அதைவிடச் சத்தமாகக் கத்த, ‘நீ பெரியவன்தானே, விட்டுக்கொடு’ என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இப்போது அவன் ‘நான் பெரியவன் இல்லை’ என்று சொல்லி அழுகிறான். என்ன செய்யட்டும் அக்கா?
— பஞ்சாயத்து பண்ணியே களைத்துப்போன ஓர் அம்மா

அவன் சொல்வது சரிதானே! நாலு வயதுப் பையன் எந்தக் கணக்கில் பெரியவன்? தங்கை பிறக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் உங்கள் வாயில் அவன் ‘குட்டிப் பையன்’தான், இடுப்பில்தான் இருப்பான். அவள் வந்த அன்றே அவனுக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டோம், அவனைக் கேட்காமலே. அந்தப் பதவியில் கிடைக்கிற ஒரே சலுகை விட்டுக்கொடுப்பது என்றால் யாருக்குத்தான் அது வேண்டும்?

சின்னவளைத் திட்டவும் முடியாது. ஒன்றரை வயதில் ‘உன்னுடையது, என்னுடையது’ எல்லாம் தலையில் ஏறாது. கண்ணில் பட்டது, நன்றாக இருக்கிறது, வேண்டும், அவ்வளவுதான். அதிலும் அவளுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தப் பொம்மை இல்லை, அண்ணன் அதை வைத்துச் செய்கிற வேலை. அதனால்தான் அதே மாதிரி இன்னொன்றை எடுத்துக் கையில் திணித்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி அவனிடமே போகிறாள். இன்னொருவர் மனதில் இருப்பது வேறு, என் மனதில் இருப்பது வேறு என்ற புரிதல் குழந்தைகளுக்குப் பொதுவாக 4 வயதை ஒட்டித்தான் வர ஆரம்பிக்கிறது. 1983இல் விம்மர், பெர்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கதை சொல்லி இதைச் சோதித்தார்கள். ஒரு பையன் ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போகிறான், அவன் இல்லாதபோது அம்மா அதை வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறாள், திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? சின்னப் பிள்ளைகள் பொருள் இப்போது இருக்கிற இடத்தையே காட்டுவார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. உங்கள் மகன் இப்போதுதான் அந்த வாசலில் நிற்கிறான், மகள் அந்தத் தெருவுக்கே வரவில்லை. இரண்டு பேரையும் நிற்க வைத்து ‘பகிர்ந்து விளையாடணும்’ என்று பாடம் எடுத்தால் யார் காதில் விழும்?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அவனுக்கென்று, அவனுக்கு மட்டும் என்று, கொஞ்சம் சாமான் இருக்கட்டும். அவற்றை யாருக்கும் கொடுக்க வேண்டிய கட்டாயம் அவனுக்குக் கிடையாது. அவற்றை வைத்து விளையாட அவள் கைக்கு எட்டாத ஓர் உயரமான மேசை. வீட்டில் குழந்தையை விடுகிற தடுப்புக் கூண்டு இருந்தால் அதற்குள் சின்னவளைப் போடாதீர்கள், கட்டைகளோடு பெரியவனை உள்ளே அனுப்பி அவளை வெளியே விடுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் கோட்டைக்குள் உட்கார்ந்த ராஜா மாதிரி நிம்மதியாக விளையாடுவான்.

பொதுவான சாமான் என்றால் கையில் வைத்திருப்பவர் முடித்த பிறகுதான் அடுத்தவருக்கு. ‘நீ ரெண்டு நிமிஷம், அவள் ரெண்டு நிமிஷம்’ என்று நாம் கடிகாரத்தைப் பார்த்துப் பிடுங்கிக் கொடுத்தால் அதுவும் பிடுங்குவதுதானே. அவன் முடிக்கும் வரை அவள் அழுவாள், அழட்டும், நீங்கள் தூக்கி வைத்துக்கொண்டு ‘அண்ணன் வச்சிருக்கான், முடிச்சதும் தருவான்’ என்று சொல்லிக்கொண்டிருங்கள். அவளுக்கு அது புரியாது, ஆனால் அவன் காதில் விழும், ‘அம்மா என் பக்கமும் பேசுவாள்’ என்று. இந்த அழுகைக்கு ரொம்பவும் பயப்பட வேண்டாம். ஒன்றரை முதல் 5 வயது வரையான குழந்தைகளின் அடம்பற்றி 2003இல் வெளியான ஓர் ஆய்வில் நான்கில் மூன்று பங்கு அடங்கள் 5 நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. நமக்கு அரை மணி நேரம் மாதிரி இருக்கும், அது வேறு விஷயம்.

அவனுக்கு ஒரு வித்தையும் கற்றுக்கொடுக்கலாம்: அவள் பிடுங்கினால் திரும்பப் பிடுங்காமல் வேறொரு சாமானை எடுத்துத் தானே ஆர்வமாக விளையாடுவது. அவள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அங்கே ஓடுவாள். இந்த வயதில் இது அநேகமாகப் பலிக்கும்.

அப்புறம் ஒன்று. ‘இரு, பாப்பாவைப் பார்த்துட்டு வரேன்’ என்று அவனிடம் நாள் முழுக்கச் சொல்கிறோம். எப்போதாவது அவன் காதுபட அவளிடம் சொல்லுங்கள், ‘இரும்மா, அண்ணனுக்கு ஒரு வேலை இருக்கு, முடிச்சிட்டு வரேன்’ என்று. அப்போது அவன் முகத்தைப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் இரண்டாக வாங்கிவிட்டால் சண்டையே வராது என்கிறார் என் கணவர். சரியா?
— கணக்கில் புலியின் மனைவி

வரும். நிறம் வேறாக இருந்தால் நிறத்துக்காக வரும், ஒரே நிறமாக இருந்தால் ‘இதில் எது என்னுடையது’ என்று வரும். ஒரே நேரத்தில் இருவரும் பயன்படுத்துகிற பந்து, கிரயான், தண்ணீர்க் குவளை போன்றவற்றை மட்டும் இரண்டாக வாங்குங்கள். மற்றதற்குப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

மகளுக்கு மூன்றரை வயது, தம்பிக்கு 14 மாதம். அவன் பிறந்தபோது அவள் ஒன்றும் செய்யவில்லை, ஆசையாகத்தான் இருந்தாள். இப்போது அவன் நடக்க ஆரம்பித்த பிறகு மழலையில் பேசுகிறாள், இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள், பழகி ரொம்ப நாளான பிறகும் உடையிலேயே சிறுநீர் போய்விடுகிறாள். இடம் கொடுத்தால் இன்னும் ஏறும் என்கிறார் மாமியார்.
— இரண்டு இடுப்பு போதாத ஒருத்தி

பிறந்தபோது அவன் ஒரு மூலையில் படுத்துக் கிடந்தான், அவளுக்கு இடைஞ்சல் இல்லை. இப்போது அவன் அவள் கட்டியதை இடிக்கிறான், வரைந்ததைக் கிழிக்கிறான், அதையும் செய்துவிட்டு இரண்டு அடி எடுத்து வைத்தால் வீடே கை தட்டுகிறது. அவளும்தான் காலையிலிருந்து நடக்கிறாள், அவளுக்கு யார் கை தட்டினார்கள்? முதல் வருடம் சும்மா இருந்துவிட்டு இரண்டாம் வருடத்தில் ஆரம்பிக்கிற குழந்தைகள் நிறையப் பேர். புதிதாக எதுவும் கெட்டுப்போய்விடவில்லை.

கேட்டால் தூக்குங்கள். ‘பாப்பா ஆயிட்டியா, வா, இந்தப் பாப்பாவுக்குத் தாலாட்டு’ என்று விளையாட்டாக்கிவிடுங்கள். கிடைக்காது என்று தெரிந்தால்தான் குழந்தை பிடித்துத் தொங்கும், கிடைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் வழுக்கி இறங்கி ஓடிவிடும். மாமியாரிடம் வாதாடாதீர்கள். ‘அத்தை, ஒரு பத்து நிமிஷம் சின்னவனை வச்சுக்கங்க’ என்று அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் மகளோடு உட்காருங்கள். இடம் கொடுப்பது பற்றி அவர் சொன்னதற்குப் பதிலும் ஆயிற்று, உங்களுக்கு ஓர் உதவியும் ஆயிற்று.

உடையில் போவதற்குத் திட்டவோ மற்றவர்முன் சொல்லிக் காட்டவோ வேண்டாம், மாற்றிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். ஆனால் எல்லாவற்றையும் பொறாமைக் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. மலச்சிக்கல் இருந்தாலும் சிறுநீர் கட்டுப்படாமல் போகலாம், பலருக்கு இது தெரிவதில்லை. போகும்போது வலி, காய்ச்சல், வழக்கத்துக்கு மீறிய தாகம் என்று எதைப் பார்த்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் தூக்கத்தில் போவது மட்டும்தான் என்றால் 5 வயது வரை அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜூடி டன், கரோல் கெண்ட்ரிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இரண்டாவது குழந்தை பிறந்த 40 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆரம்பத்திலிருந்தே மூத்த குழந்தையிடம் சின்னதைப் பற்றி, அதற்கும் ஒரு மனம் இருக்கிறது என்கிற மாதிரி, ‘ஏன் அழறான், என்ன வேணுமாம் அவனுக்கு’ என்று பேசிய வீடுகளில் பின்னாளில் குழந்தைகள் ஒருவரோடு ஒருவர் கூடுதலாக ஒட்டினார்கள். நாம் என்ன பேசுகிறோம்? ‘கிட்டப் போகாதே, தொடாதே, சத்தம் போடாதே.’ அதற்குப் பதிலாக, ‘தம்பி கண்ணைக் கசக்குறானே, தூக்கமா இருக்குமோ, நீ என்ன நினைக்கிற?’ என்று அவளிடம் கருத்துக் கேளுங்கள். சரியான பதில் வர வேண்டும் என்றில்லை.

20 மாத மகன் அக்காவைக் கடிக்கிறான். தோளில் பல் அச்சு. அவளும் திருப்பி அடித்துவிடுகிறாள். ‘ஒரு தடவை நீங்கள் அவனைக் கடித்துக் காட்டுங்கள், வலி தெரிந்தால் விட்டுவிடுவான்’ என்று நண்பர் சொன்னார். செய்யலாமா?
— பாதித் தூக்கத்தில் எழுதும் அப்பா

தம்பி, நண்பரிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள், அவர் வேறு துறையில் யோசனை சொல்லட்டும் என்று. நீங்கள் கடித்தால் அவனுக்குத் தெரிய வருவது ஒன்றுதான்: இந்த வீட்டில் பெரியவர்களும் கடிப்பார்கள். அவனுக்கு வலித்தால் அவனுக்குத் தெரியும், அக்காவுக்கும் இப்படித்தான் வலித்திருக்கும் என்று கோத்துப் பார்க்கிற மூளை இன்னும் வரவில்லை.

ஒன்று முதல் மூன்று வயது வரை கடிப்பது மிகச் சாதாரணம். சொல்ல வார்த்தை இல்லை, பல் முளைக்கிற ஊறல், களைப்பு, சில சமயம் வெறும் சந்தோஷம் தாங்காமலும் கடிப்பார்கள். எப்போது கடிக்கிறான் என்று சில நாள் கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும்: தூங்கும் நேரம் நெருங்கும்போது, அல்லது அக்கா அவனைக் கட்டிப்பிடித்து நகரவிடாமல் செய்யும்போது. அந்த நேரத்தில் பக்கத்திலேயே உட்காருங்கள், வாய் போகும் முன் உங்கள் கை போகட்டும். நடந்துவிட்டால் முதலில் கடிபட்டவளைத் தூக்குங்கள். அவனிடம் ‘கடிக்கக் கூடாது, வலிக்கும்’ என்ற ஒரே வாக்கியம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீளமாகப் பேசினால் அதுவே அவனுக்கு ஒரு நிகழ்ச்சியாகிவிடும். தோல் கிழிந்திருந்தால் சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவி மருத்துவரிடம் கேளுங்கள்.

மகள் அடிப்பதையும் வெறுமனே ‘அடிக்காதே’ என்று நிறுத்தினால் அவளுக்கு வேறு வழி இல்லாமல் போகும். கையை நீட்டி ‘நிறுத்து’ என்று சத்தமாகச் சொல்லவும் உடனே உங்களைக் கூப்பிடவும் பழக்குங்கள். அவள் கூப்பிட்டால் நீங்கள் கட்டாயம் போக வேண்டும், கைபேசியைப் பார்த்துக்கொண்டே ‘வரேன் வரேன்’ கூடாது. ‘யார் முதலில் ஆரம்பித்தது’ என்று மட்டும் விசாரிக்காதீர்கள். சாட்சி இல்லாத வழக்கு அது.

பெரியவனின் விளையாட்டுச் சாமான் எல்லாம் பொடிப்பொடியாக இருக்கிறது. சின்னவள் தரையில் கிடப்பதை எல்லாம் வாயில் போடுகிறாள். எதை அனுமதிப்பது, எதை ஒளித்து வைப்பது?
— குனிந்து குனிந்து முதுகு போனவர்

அவசரமான கேள்வி, இதை முன்னால் போட்டிருக்க வேண்டும். பெட்டியில் ‘3 வயதுக்கு மேல்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் புத்திசாலித்தனத்தைப் பற்றிய குறிப்பு இல்லை, மூச்சுக்குழாய் அடைப்பைப் பற்றியது. ‘எங்கள் பாப்பா ரொம்ப சூட்டிகை, இப்பவே விளையாடுவாள்’ என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். சின்னக் குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறிய உருளையை வைத்துப் பார்ப்பார்கள், அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் ஆபத்து. வீட்டில் கழிவறைக் காகிதச் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாய் இதைவிடக் கொஞ்சம் அகலம். அதற்குள் நுழைகிற எதையும் அவள் கைக்கு எட்டவிடாதீர்கள்.

இதிலும் மூன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பொம்மை, ரிமோட், பாட்டுப் பாடும் அட்டை இவற்றில் இருக்கிற பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடலாம். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே போதும், அழவில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இரண்டாவது, சிறிய காந்தங்கள். ஒன்றுக்கு மேல் உள்ளே போனால் குடலுக்குள் ஒன்றை ஒன்று இழுத்து நடுவில் இருக்கும் சதையைத் துளைத்துவிடும். மூன்றாவது, ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும்.

தொண்டையில் அடைத்துக்கொண்டால் குழந்தை இருமுகிறதா என்று பாருங்கள். பலமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் திணறினால் உதவிக்குக் கத்திக் கூப்பிட்டு, முன்பக்கம் சாய்த்துப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தட்டு. வரவில்லை என்றால் ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு வயிற்றில், தொப்புளுக்கு மேலே, உள்நோக்கி மேலாக 5 அழுத்தம், ஒரு வயதுக்குக் கீழே என்றால் வயிற்றில் கூடாது, நடு மார்பில். மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒருநாள் முதலுதவி வகுப்பில் செய்து பழகுவது மேல்.

பெரியவனுக்குப் பொடிச் சாமான் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. அவள் தூங்கும் நேரத்தில் மேசையில் ஒரு தட்டின் மேல், முடித்ததும் எண்ணி மூடி போட்ட பெட்டியில். ஆனால் பாப்பா வாயில் எதையாவது போட்டால் அது அவன் பொறுப்பு என்று மட்டும் அவன் தலையில் கட்டாதீர்கள். குளியலறையிலும் அப்படித்தான்: ‘ஒரு நிமிஷம் பார்த்துக்கோ’ என்று விட்டுவிட்டு நகரவே கூடாது. சில சென்டிமீட்டர் தண்ணீரே ஒரு சின்னக் குழந்தை மூழ்கப் போதும், அதுவும் சத்தமில்லாமல்.

இருவரும் எவ்வளவு நேரம் தூங்க வேண்டும்? சின்னது பகலில் தூங்குகிறது, பெரியது தூங்க மறுக்கிறது, இரவில் இரண்டும் சேர்ந்து கூத்தடிக்கின்றன. கைபேசி கொடுத்தால்தான் அடங்குகின்றன.
— இரவுக் காவலர்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கு: 1, 2 வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம், 3, 4 வயதில் 10 முதல் 13. திரை விஷயத்தில் ஒரு வயதுக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், 2 முதல் 4 வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் நல்லது. பெரியது பார்க்கும்போது சின்னது எட்டிப் பார்க்கத்தான் செய்யும், எனவே பெரியதின் பங்கைச் சின்னது தூங்குகிற நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். படுக்கைக்கு முன்னால் மட்டும் வேண்டாம்.

3 முதல் 5 வயதுக்குள் பல குழந்தைகள் பகல் தூக்கத்தை விட்டுவிடுவார்கள். தூங்கு என்று அதட்டி யாரையும் தூங்க வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, எனவே அந்த நேரத்தைப் பெரியதற்கு ‘சும்மா இருக்கும் நேரம்’ ஆக்குங்கள், படப் புத்தகத்தோடு. பகல் தூக்கம் இல்லாத நாளில் அதற்கு இரவு சீக்கிரமே வர வேண்டும். இந்தக் கூத்தில் பாதி, நேரம் தாண்டிப்போன களைப்பு. இருவரையும் ஒரே ஆள் படுக்க வைக்க வேண்டியிருந்தால், விளக்கைக் குறைத்து இருவரையும் ஒன்றாகவே படுக்க வையுங்கள். பெரியதிடம் ரகசியமாகச் சொல்லுங்கள், ‘பாப்பா தூங்கினதும் உனக்கு மட்டும் ஒரு கதை’ என்று. கதை கேட்கும் முன்பே பெரியது தூங்கிவிடுகிற நாளும் வரும். மறுநாள் காலை அந்தக் கதையைக் கேட்டால் கட்டாயம் சொல்லிவிடுங்கள், கடன் வைக்காதீர்கள்.

இரண்டும் எப்போதுதான் சேர்ந்து விளையாடும்?
— காத்திருக்கும் தாத்தா

பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொன்றாக விளையாடுகின்றனவா ஐயா? அதுவும் விளையாட்டில் ஒரு கட்டம்தான், மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932லேயே அதற்குத் தனிப் பெயர் கொடுத்து எழுதியிருக்கிறார். ‘நீ டாக்டர், நான் நோயாளி’ என்று பங்கு பிரித்து ஆடச் சின்னதுக்கு 3 வயதாவது ஆகட்டும். அதுவரை ஓடிப்பிடிப்பது, ஒளிந்து எட்டிப் பார்ப்பது, நீங்கள் கட்டிய கோபுரத்தை ஒருவர் மாற்றி ஒருவர் தள்ளுவது. விதி இல்லாத ஆட்டத்தில் இரண்டு பேரும் சமம். நீங்கள் குனிந்து யானையாகிவிட்டால் இன்னும் நல்லது, முதுகு தாங்கும் வரை.

சின்னவனுக்கு 2 வயது ஆகப்போகிறது, பேச்சு குறைவு. அவன் கை நீட்டினாலே 4 வயது அக்கா ‘அவனுக்குத் தண்ணி வேணுமாம்’ என்று சொல்லிவிடுகிறாள். இரண்டாவது குழந்தை தாமதமாகத்தான் பேசும், விடுங்கள் என்கிறார்கள்.
— கவலைப்படலாமா வேண்டாமா என்று தெரியாத அம்மா

அக்கா பேசுவதால் மட்டும் ஒரு குழந்தையின் பேச்சு நின்றுவிடாது. சொல்லப்போனால் வீட்டில் நடக்கிற பேச்சைக் கேட்டுக் கேட்டு ‘நான், நீ’ போன்ற சொற்களை இரண்டாவது குழந்தைகள் முந்திக்கொண்டு பழகுவதாகவும் ஆய்வு இருக்கிறது. அதனால் ‘இரண்டாவது, அப்படித்தான்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2 வயது நிறையும்போது ‘அம்மா வா’, ‘பந்து தா’ என்று இரண்டு சொல்லையாவது சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை என்றால், அல்லது பேசிக்கொண்டிருந்த சொற்கள் காணாமல் போனால், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது குறைந்தால், இன்னும் ஆறு மாதம் பார்ப்போம் என்று தள்ளாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்ற சோதனைதான் முதல் வேலை, சளி பிடித்துக் காதில் நீர் கோத்திருந்தால்கூடப் பேச்சு பின்தங்கும்.

வீட்டில், அவளை ‘நீ சொல்லாதே’ என்று அடக்க வேண்டாம், பாவம், உதவிதானே செய்கிறாள். அவனிடம் எதையாவது கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு விளையாட்டு வையுங்கள். நாலு வயதுக்காரி ஐந்தைத் தாண்டுவதற்குள் எப்படியும் கணக்கு தப்பி முதலிலிருந்து எண்ண ஆரம்பிப்பாள், அவனுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும்.